உலாவியைப் புதுப்பிப்பதா? எங்கள் வீட்டில் நடந்த மஷூரா



குடும்பமாக அமர்ந்து கலந்து பேச வேண்டிய காரியங்கள் என்று சில உண்டு. பிள்ளைகளின் படிப்பு, திருமணப் பேச்சு, வீட்டு மராமத்து, ஊரிலேயே இருப்பதா வெளிநாடு செல்வதா என்பன போன்றவை. கணினியில் இருக்கும் ஓர் உலாவியின் புதிய பதிப்பை ஏற்பதா வேண்டாமா என்பதும் அந்த வரிசையில் வந்து சேரும் என்று நாங்கள் எண்ணியதில்லை. ஆயினும் 2025 ஜூலை மாதத்தில் அதற்காகவே எங்கள் வீட்டில் இரண்டு முறை மஷூரா நடந்தது. இதே நிலையில் வேறு பல குடும்பங்களும் இருக்கக்கூடும் என்பதால் அதனை இங்கே எழுதி வைக்கிறோம்.

எங்கள் வீட்டுக் கூடத்தில் ஒரே ஒரு கணினி உண்டு. வருவோர் போவோர் அனைவரின் கண்ணிலும் திரை படும்படியாக, வேண்டுமென்றே அவ்விடத்தில் வைத்தோம். மஃரிபுக்குப் பிறகு பிள்ளைகள் இருவரும் அதில்தான் உஸ்தாதிடம் குர்ஆன் ஓதுகிறார்கள். வங்கிக் கணக்கு, மின்கட்டணம், பள்ளிக்கூடப் பாடங்கள், ஷார்ஜாவிலிருக்கும் காக்காவுடன் வெள்ளிக்கிழமைப் பேச்சு ஆகிய எல்லாம் அந்த ஒரே பெட்டியில்தான். உலாவி, குரோம்.

சில ஆண்டுகளுக்கு முன்பு, தொழுகை நேரங்களைக் காட்டும் ஒரு பக்கத்தை எங்கள் மகள் திறந்து வைத்திருந்தாள். அஸர் நேரத்திற்கும் மஃரிப் நேரத்திற்கும் நடுவே சீட்டுக்கட்டும் சிரிக்கும் நடிகருமாக ஒரு விளம்பரம் ஓடியது. “வாப்பா, ரம்மி என்றால் என்ன?” என்று அவள் கேட்டாள். அதற்குக் கீழே, ஐந்து நிமிடத்தில் வட்டிக்குக் கடன் தருவதாக மற்றொன்று. அதற்கும் கீழே இருந்ததை இங்கே எழுத வேண்டியதில்லை. அப்பக்கத்தை நடத்துபவரும் நம்மைப் போன்ற ஒரு முஸ்லிம்தான். அவர் இவற்றைத் தேர்ந்தெடுத்து வைக்கவில்லை. பக்கம் திறக்கும் அந்த நொடிப்பொழுதுக்குள், பார்ப்பவர் யார், எந்த ஊர், முன்பு எதையெல்லாம் பார்த்தார் என்ற விவரங்களை வைத்து ஏலம் நடக்கிறது. எவர் அதிகம் கொடுக்கிறாரோ அவருடைய விளம்பரம் அந்த இடத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறது. மார்க்கம் விலக்கிய சூதும் வட்டியும் தொழுகை நேரங்களுக்கு நடுவே வந்தது இப்படித்தான்.

அன்று இரவே யூபிளாக் ஒரிஜின் என்னும் நீட்சியைக் குரோமில் சேர்த்தோம். ரேமண்ட் ஹில் என்பவர் உருவாக்கி, 2014 முதல் இலவசமாக வெளியிட்டு வரும் விளம்பரத் தடுப்பான் அது. அவர் நன்கொடைகூடக் கேட்பதில்லை. அது வந்த பிறகு அத்தகைய விளம்பரங்கள் எங்கள் கூடத்தில் ஏறக்குறைய இல்லாமலே போயின. பக்கங்கள் விரைவாகத் திறந்தன. இணையக் கட்டணத்திலும் கொஞ்சம் மிச்சம்.

விளம்பரத்தோடு சேர்ந்து வேறொன்றும் நின்றது. நம்மைப் பின்தொடர்ந்து குறிப்பெடுக்கும் சிறு நிரல்கள்தான் அவை. இதன் அருமை 2020 நவம்பரில் எங்களுக்கு நன்றாக உறைத்தது. கோடிக்கணக்கானோர் தொழுகை நேரத்திற்கும் கிப்லாவுக்கும் நம்பியிருந்த ‘முஸ்லிம் புரோ’ என்னும் கைபேசிச் செயலியிலிருந்து பயனர்களின் இருப்பிடத் தகவல் ‘எக்ஸ்-மோட்’ என்னும் தரவு வணிக நிறுவனத்திற்குச் சென்றதாகவும், அந்நிறுவனத்தின் வாடிக்கையாளர்களுள் அமெரிக்க இராணுவத்திற்குப் பணிசெய்யும் ஒப்பந்ததாரர்களும் இருந்ததாகவும் அம்மாதம் செய்தி வெளிவந்தது. அதன்பின் தரவுப் பங்காளிகளுடனான உறவை முறித்துக்கொள்வதாகச் செயலியின் நிறுவனத்தார் அறிவித்தார்கள். அது கைபேசிச் செயலி, இது உலாவி. எனினும் இரண்டுக்கும் பின்னால் ஓடும் வியாபாரம் ஒன்றே.

இனி விஷயத்திற்கு வருவோம். நீட்சிகள் எவ்வாறு இயங்க வேண்டும் என்பதற்குக் குரோம் வகுத்துள்ள விதித்தொகுப்பின் பெயர் மேனிஃபெஸ்ட். அதன் இரண்டாம் வடிவத்தைக் கைவிட்டு மூன்றாம் வடிவத்திற்கு மாறப்போவதாக 2018லேயே கூகிள் கூறிவிட்டது. பழைய முறையில், ஒரு பக்கம் எந்தப் பொருளைக் கேட்டாலும் நீட்சி அதை வாசலில் நிறுத்தி, ‘நீ யார், எங்கிருந்து வருகிறாய்’ என்று விசாரித்துவிட்டு உள்ளே விடலாம் அல்லது திருப்பி அனுப்பலாம். புதிய முறையில் அந்த விசாரணை அதிகாரம் அதற்கு இல்லை. இன்னின்னாரை விடாதே என்று முன்கூட்டியே ஒரு பட்டியல் எழுதி உலாவியிடம் ஒப்படைக்க வேண்டும். வாசலில் நிற்பது உலாவியேதான். அந்தப் பட்டியலிலும் ஒரு நீட்சிக்கு உறுதியாகக் கிடைப்பது 30,000 விதிகள். அதற்கு மேல் வேண்டுமானால் எல்லா நீட்சிகளுக்கும் பொதுவான ஒரு தொகுதியிலிருந்து பெற வேண்டும். யூபிளாக் ஒரிஜின் பழைய முறையில் கட்டப்பட்டது. புதிய முறைக்காக ‘லைட்’ என்றொரு சிறிய வடிவத்தை அதன் ஆசிரியரே தந்திருக்கிறார். ஆனால் இரண்டும் ஒன்றல்ல என்பதையும் அவரே கூறுகிறார்.

மாற்றம் படிப்படியாக வந்தது. 2024இல் எச்சரிக்கைகள் தோன்றின. பின்பு பழைய நீட்சிகள் அணைக்கப்பட்டன. ஆயினும் பயனர் விரும்பினால் மீண்டும் இயக்கிக்கொள்ள இயன்றது. 2025 ஜூலையில் 138ஆம் பதிப்போடு அந்த வழியும் அடைபட்டது. அப்போது எங்கள் கணினியில் இருந்தது 137.

ராத்தாவின் மகன் பொறியியல் படிக்கிறான். அவன் சொன்னான்: “மாமா, அப்டேட்டையே நிறுத்திவிடலாம். இரண்டு சர்வீஸை முடக்கினால் போதும். 137 அப்படியே நிற்கும், பிளாக்கரும் ஓடும். என் ரூமில் எல்லாரும் அப்படித்தான் வைத்திருக்கிறார்கள்.” பிள்ளைகளின் கண்ணைப் பேணுவதுதான் நோக்கம் என்றால், அதைச் செய்துகொண்டிருக்கும் பழைய பதிப்பிலேயே இருந்துவிடுவதில் என்ன தடை என்பது அவன் வாதம். கேட்கும்போது சரியாகத்தான் இருந்தது. எங்களுள் ஒருவர் முதல்நாள் இரவு அவன் பக்கமே சாய்ந்திருந்தார்.

மற்றவரின் அச்சம் வேறு. குரோமின் பெரும்பதிப்பு அப்போது நான்கு வாரங்களுக்கு ஒருமுறை வந்துகொண்டிருந்தது. அதற்கிடையே பாதுகாப்புத் திருத்தங்கள் 2023 ஆகஸ்ட் முதல் வாரந்தோறும் வருகின்றன. இவை அழகுக்காக வருபவை அல்ல. 2023 செப்டம்பரில் நடந்ததை நினைவுகூர்ந்தால் போதும். வெப்பி என்பது இணையமெங்கும் வழங்கும் ஒரு பட வடிவம். அதைப் பிரித்துக் காட்டும் நிரலில் ஓர் ஓட்டை இருந்தது. அதற்கென்று செய்த ஒரு படம் திரையில் தோன்றினாலே போதும், கணினிக்குள் அந்நியரின் கட்டளை ஓட வழி உண்டாகும். ஆப்பிள் நிறுவனத்தின் பாதுகாப்புக் குழுவும் டொராண்டோ பல்கலைக்கழகத்தின் சிட்டிசன் லேபும் அதைக் கண்டுபிடித்துக் கூறியபோது, தீயவர்கள் அதனை ஏற்கெனவே பயன்படுத்தத் தொடங்கியிருந்தார்கள். கூகிள் செப்டம்பர் 11 அன்று திருத்தம் வெளியிட்டது. ஃபயர்பாக்ஸும் உடனே திருத்தியது. புதுப்பித்தலை நிறுத்தி வைத்திருந்த கணினிக்கு அந்தத் திருத்தம் போய்ச் சேர்ந்திருக்காது. எதையும் சொடுக்க வேண்டியதில்லை, எதையும் இறக்க வேண்டியதில்லை. ஒரு படம் கண்ணில் பட்டால் போதும். காக்கா மாதந்தோறும் அனுப்பும் பணம் வந்து விழும் கணக்கை அதே கணினியில்தான் திறக்கிறோம்.

மேலும், ஓட்டை அடைக்கப்பட்ட பிறகு அது எங்கே இருந்தது என்பது ஊருக்கே தெரிந்துவிடுகிறது. திருத்தத்தைப் படித்துப் பார்த்துப் பழைய பதிப்பைத் தாக்குவது முன்பைவிட எளிதாகிறது. ஆக, 137இல் நிற்பது என்பது இருந்த இடத்தில் இருப்பது அன்று; ஒவ்வொரு வாரமும் ஒரு படி கீழே இறங்குவது.

இதையெல்லாம் உம்மாவுக்கு விளக்கிக் கூற வேண்டியிருந்தது. உம்மா கணினியைத் தொடுவதில்லை என்றாலும் மஷூராவில் அவருக்கு ஓர் இடம் உண்டு. பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: “தாழ்ப்பாளைத் தொறந்து போட்டுட்டு வாசலுக்குத் திரை போட்டு என்னத்துக்கு வாப்பா?” சற்று நேரம் கழித்து, “திரை இல்லாமலும் இருக்கப்படாது” என்றும் சேர்த்துக்கொண்டார். முதல் மஷூரா அத்தோடு கலைந்தது.

கூகிளின் பக்கத்திலும் ஒரு நியாயம் இருப்பதை இங்கே கூறிவிட வேண்டும். நாம் பார்க்கும் ஒவ்வொரு பக்கத்தையும் விசாரிக்கும் அதிகாரம் ஒரு நீட்சிக்கு இருந்தால், அந்த நீட்சி கெட்டவர் கைக்குப் போகும் நாளில் என்ன நடக்கும்? அப்படி நடந்தும் இருக்கிறது. ‘தி கிரேட் சஸ்பெண்டர்’ என்று பலர் விரும்பிப் பயன்படுத்திய ஒரு நீட்சி 2020இல் வேறொருவர் கைக்கு மாறியது. தீங்கான நிரல் இருப்பதாகக் கூறி 2021 பிப்ரவரியில் கூகிள் அதை நீக்கியது. எனவே வாசற்காவலரின் அதிகாரத்தைக் குறைக்க வேண்டும் என்ற பேச்சு முழுவதும் பொய்யன்று. அதே சமயம், அதைச் சொல்பவரின் தாய் நிறுவனத்தினுடைய வருவாயில் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கு விளம்பரத்திலிருந்து வருகிறது என்பதும் உண்மை. இரண்டையும் மனத்தில் வைத்துக்கொண்டுதான் தீர்மானிக்க வேண்டியிருந்தது.

இரண்டாம் மஷூராவில் நாங்கள் எதிர்பாராத திசையிலிருந்து ஒரு கேள்வி வந்தது. கேட்டவள் மகள். அன்று ரம்மி என்றால் என்ன என்று கேட்டவளுக்கு இப்போது பதினான்கு வயது. “அந்தப் பக்கத்தை நடத்துகிறவர் விளம்பரத்தை நம்பித்தானே இலவசமாகத் தருகிறார்? நாம் விளம்பரத்தை மறைத்துவிட்டுப் படித்தால், அவருடைய ஹக்கை நாம் எடுத்துக்கொண்டது ஆகாதா?” கூடம் அமைதியாகிவிட்டது. ராத்தா மகன் ஏதோ சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டான்.

தீர்ப்புக் கூற நாங்கள் ஆலிம்கள் அல்லர். எங்களுக்குத் தோன்றியவற்றை மட்டும் எழுதுகிறோம். செய்தித்தாளில் விளம்பரப் பக்கத்தைப் புரட்டிவிடுவதை யாரும் திருட்டென்பதில்லை. பார்த்தே தீருவேன் என்று நாம் எவரிடமும் உடன்படிக்கை செய்துகொள்ளவும் இல்லை. தன் வீட்டுக்குள் எது வர வேண்டும் என்று சொல்லும் உரிமை வீட்டாருக்கு உண்டு. இவை ஒரு பக்கம். உழைத்து எழுதுபவருக்கு அதனால் வரும் வருவாய் குறைகிறது என்பது மறுபக்கம், அது கற்பனையன்று. மகள் கேட்டதைத் தள்ளிவிட எங்களால் இயலவில்லை.

எனவே ஒரு வழக்கம் வைத்துக்கொண்டோம். நாங்கள் நாள்தோறும் பயன்படுத்தும் பக்கங்களை ஒரு தாளில் எழுதினோம், பதினொன்று தேறின. ஒவ்வொன்றையும் பெரியவர்கள் மட்டும் இருக்கும் நேரத்தில் தடுப்பானை அணைத்துவிட்டுப் பார்த்தோம். நான்கில் விளம்பரங்கள் சாதாரணமாக இருந்தன: பாத்திரம், செருப்பு, பயணச்சீட்டு. அந்த நான்கிற்கும் தடுப்பானை நிரந்தரமாக அணைத்து வைத்தோம். நீட்சியில் இருக்கும் பெரிய பொத்தானை அழுத்தினால் அந்தத் தளத்திற்கு மட்டும் அது ஓய்வெடுத்துக்கொள்ளும். மற்ற ஏழில் இரண்டு, நம்மவர்கள் நடத்துபவை. அவர்களுக்கு மடல் எழுதினோம். விளம்பரம் தரும் பெரிய சேவைகள் பலவற்றில், சூதாட்டம் போன்ற வகைகளை வேண்டாம் என்று தள நடத்துநரே விலக்கிவைக்க வழி இருக்கிறது. பலருக்கு அது தெரிவதில்லை. ஒருவர் மூன்றே நாளில் பதில் எழுதி, விலக்கியும் வைத்தார். அவருடைய தளத்திற்கும் இப்போது திரை இல்லை. மற்றொருவரிடமிருந்து இன்றுவரை பதில் வரவில்லை. பயன்பெறுகிறோம், ஆனால் விளம்பரத்தை அனுமதிக்க இயலவில்லை என்னும் தளங்களில் நன்கொடைக்கு வழி இருந்தால், ஆண்டுக்கொருமுறை நம்மால் இயன்றதை அனுப்புவது என்று முடிவாயிற்று. மகள் அந்தத் தாளைக் கணினிக்குப் பக்கத்துச் சுவரில் ஒட்டி வைத்திருக்கிறாள்.

இனி உலாவி. குரோமைப் பழைய பதிப்பில் நிறுத்தி வைப்பதில்லை என்பதில் ஒருமித்தோம். ராத்தா மகனும் வெப்பி ஓட்டையின் கதையைத் தானே தேடிப் படித்துவிட்டு வந்து ஒப்புக்கொண்டான். தன் அறையில் அவன் என்ன செய்தான் என்று நாங்கள் கேட்கவில்லை. எஞ்சியவை இரண்டு வழிகள்: புதிய குரோமில் லைட் வடிவத்தோடு இருப்பது, அல்லது ஃபயர்பாக்ஸுக்கு மாறுவது. ஃபயர்பாக்ஸ் மேனிஃபெஸ்ட் மூன்றாம் வடிவத்தை ஏற்றுக்கொண்டபோதும் பழைய விசாரணை அதிகாரத்தை நீக்கவில்லை. ஆகவே யூபிளாக் ஒரிஜின் அங்கே முழுமையாக ஓடுகிறது, பாதுகாப்புத் திருத்தங்களும் தவறாமல் வருகின்றன.

ஒரு வாரம் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். லைட்டைக் குறைத்துக் கூறுவது நியாயமாகாது. நாங்கள் பார்க்கும் தளங்களில் பெரும்பாலான விளம்பரங்களை அதுவும் தடுத்தது; கணினிக்குச் சுமையும் குறைவு. நிறுவியவுடன் கிடைக்கும் நிலையிலிருந்து ஒரு படி கூட்டி வைத்தால் இன்னும் நன்றாக இயங்குகிறது. குரோமை விட இயலாதவர்கள், அலுவலகக் கணினியில் வேறு உலாவி நிறுவ அனுமதி இல்லாதவர்கள், தயங்காமல் இதை வைத்துக்கொள்ளலாம். வேறுபாடு தெரிந்தது ஓரிடத்தில். தடுப்புப் பட்டியல் புதிதாக வேண்டுமானால் லைட்டில் நீட்சியே புதுப்பிக்கப்பட்டு வர வேண்டியிருக்கிறது. முழு வடிவம் தானாகவே பட்டியலைத் தருவித்துக்கொள்கிறது. விளம்பரக்காரர்கள் நாளுக்கொரு வேடம் போடுபவர்கள். பிள்ளைகள் அமரும் கணினியில் அந்த இடைவெளியும் வேண்டாம் என்று எங்களுக்குப் பட்டது.

ஆகவே பிள்ளைகளுக்கும் அன்றாட வாசிப்பிற்கும் ஃபயர்பாக்ஸ், முழுத் தடுப்பானோடு. வங்கிக்கும் ஓரிரு அரசுத் தளங்களுக்கும் புதுப்பித்த குரோம், லைட் வடிவத்தோடு. காக்கா ஷார்ஜாவிலிருந்து சிரித்துக்கொண்டே ஒன்று சொன்னார்: “ஃபயர்பாக்ஸ் நடத்துகிற மொஸில்லாவுக்கு வருமானத்தில் பெரும்பங்கு எங்கிருந்து வருகிறது தெரியுமா? கூகிள் தேடலை முதலில் வைப்பதற்குக் கூகிள் கொடுக்கிற பணம்தான்.” உண்மைதான். அந்த ஏற்பாடு என்றைக்காவது மாறினால் ஃபயர்பாக்ஸின் நிலையும் மாறலாம். அப்போது மீண்டும் உட்கார்ந்து பேசிக்கொள்வோம், இன்ஷா அல்லாஹ்.

மாறும் வேலை ஒரு பிற்பகலில் முடிந்தது. ஃபயர்பாக்ஸ் கேட்டவுடன் புத்தகக்குறிகளைக் குரோமிலிருந்து தானே எடுத்துக்கொண்டது. கடவுச்சொற்களையும் எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டது, வேண்டாம் என்றோம். வங்கியின் கடவுச்சொல் பிள்ளைகள் அமரும் உலாவிக்கு வர வேண்டிய அவசியமில்லை. உஸ்தாதின் வகுப்பு இணைப்பு முதல்நாள் ஒலிவாங்கிக்கு அனுமதி கேட்டு நின்றது, அனுமதித்ததும் சரியாகிவிட்டது. தாவல்கள் வேறு மாதிரி இருக்கின்றன என்று இளையவன் இரண்டு நாள் முறையிட்டான், பிறகு மறந்துவிட்டான்.

பாக்கி இருப்பது உம்மாவின் கைபேசி. ஆண்ட்ராய்டில் குரோம் நீட்சிகளை ஏற்பதில்லை. ஃபயர்பாக்ஸ் ஏற்கிறது, யூபிளாக் ஒரிஜினும் அங்கே கிடைக்கிறது. வெள்ளிக்கிழமைகளில் கஹ்ஃபு சூரா கேட்கும்போது நடுவே விளம்பரம் வந்து விழுவது உம்மாவுக்கும் பிடிப்பதில்லை. ஆனால் எழுத்தைப் பெரிதாக்கி, அந்தப் பக்கத்தை முகப்பிலேயே வைத்துத் தந்தால்தான் மாறுவேன் என்று நிபந்தனை போட்டிருக்கிறார். வரும் வெள்ளிக்குள் செய்து கொடுக்க வேண்டும்.